மணிக்கொரு தரம் ஆறு

சப்-ஸ்டேஷன் கட்டுப்பாட்டறையில்
பத்தொன்பது வருஷம்
ஓர் ஆற்றை எண்களாக எழுதினேன்.

மணிக்கொரு தரம் கறுப்புத் தொலைபேசி அடிக்கும்.
மறுமுனையில் லோயர் கேம்ப், பீர் ராவுத்தர்.
"அண்ணே, ரெண்டு மிஷின் ஓடுது. எழுதிக்கங்க."
எழுதிக்கொள்வேன்.
முகம் தெரியாது, இருமல் தெரியும்.
மலையில் மழை வலுத்தால்
குரலை உயர்த்துவார்,
பின்னால் இரைச்சல்.

மேற்கே ஓடப் பிறந்த தண்ணீர் அது.
மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள்.
குடைந்தபோது காய்ச்சலில் செத்தவர்களுக்கு
அங்கே கணக்கு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன்.
"நம்ம ரிஜிஸ்டர்ல மெகாவாட்டுக்கு மட்டுந்தாண்ணே
கட்டம் போட்டிருக்கு."

அறுபது வருஷம் அது வயலுக்காக மட்டும் விழுந்தது.
அதற்குள் ஊருக்கு வேறொரு மழை வந்துவிட்டது,
நீலகிரியில் பெய்து, பைக்காராவில் விழுந்து,
கம்பி வழியாக.
மேலமாசி வீதிப் பாத்திரக்கடை சொக்கையா
ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தூக்குவாளி விற்றாராம்,
சில்லறையை இரண்டு தரம் எண்ணினாராம்,
இந்த வெளிச்சத்தை நம்பலாமா என்று.

தூங்கா நகரம் என்கிறோம். பெருமைதான்.
மில்லுக்கு மூன்றாவது ஷிஃப்ட் வந்த பிறகு
மேலப்பொன்னகரத்தில் ஒரு வீட்டில்
மூன்று பேருக்கு ஒரே பாய்.
ஒருவன் எழ, ஒருவன் படுக்க,
அந்தப் பாய் சூடு ஆறியதே இல்லை.

ஓர் ஐப்பசி இரவு, மணி இரண்டே முக்கால்.
நேரமில்லாத நேரத்தில் அடித்தது.
"அண்ணே, நாலும் ஓடுது."
பந்தி முடித்த கல்யாண வீட்டுக்காரரின் களைப்பு.
"கேக்குறீங்களா?" என்று
ரிசீவரைத் தரையில் வைத்துவிட்டார்.

முதலில்
மழைக்குப் பயந்து கூட்டம் பந்தலுக்குள் ஓடுவது போல.
பிறகு எதைப் போலவும் இல்லை.
என் முன்னால் முட்கள் எல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.
செருப்பை எப்போது கழற்றினேன் என்று
நினைவில்லை.

விடிந்ததும் சைக்கிளை மிதித்து
யானைக்கல் பாலத்துக்குப் போனேன்.
மணல்.
மணலில் யாரோ வெளுத்த வேட்டிகள்,
ஓர் எருமை,
செங்கல் ஸ்டம்புக்கு முன்னால் இரண்டு பையன்கள்.
தெரியாதா எனக்கு?
வைகை அணை பிடித்துக்கொள்ளும்,
பேரணையில் வாய்க்கால் பிரித்துக்கொள்ளும்,
மேலூர்க்காரன் நாற்றுக்குக் கேட்பான்,
அவன் கேட்பது நியாயம்.
இருந்தும் போனேன்.
பாலத்து விளக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.
அத்தனை வெயிலிலும்
கொஞ்சம் ஆறு
அதற்குள் எரிந்துகொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற மறு மாதம்
கம்பம் பஸ்ஸில் ஏறினேன், அவரைப் பார்க்க.
உசிலம்பட்டியில் இறங்கி ஒரு டீ குடித்து
எதிர்ப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.
முகத்தைப் பார்த்தால்
குரல் போய்விடும் என்று பயம்.

இப்போது கரண்டு எங்கிருந்தெல்லாமோ வருகிறது,
நிலக்கரியில், ஆரல்வாய்மொழிக் காற்றில்,
கமுதி வெயிலில்.
பதினாலு மணி நேரம் வராமலும் இருந்திருக்கிறது.
அந்த வருஷங்களில்
கொசுவை விரட்டிக்கொண்டே
மலையில் மழையா என்று பேப்பரில் பார்ப்பேன்.

வந்தவுடன் தெரு முழுக்கக் கத்தும்,
"வந்துருச்சு!"
குழாயடியிலும் அதே சொல்தான்.
எது வந்தது என்று என் மனைவி கேட்பதில்லை.
ஒரு கையால் குடத்தை எடுப்பாள்,
ஒரு கையால் சுவிட்சைத் தட்டுவாள்.

நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
பேனா தேடுகிறேன்.